கூடத்துக்கு வரட்டும் கால்பந்து

போன மாதம் லேக் மார்க்கெட்டில் ஒரு வாழைப்பூவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். நம் சங்கத்து அன்பர் ஒருவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டார். “சார், உங்களுக்குத்தான் ஃபுட்பால் பைத்தியம் உண்டு. இந்த வெளிநாட்டு மேட்ச்செல்லாம் வீட்டு டிவியில் எப்படிப் பார்க்கிறது? பையன் உயிரை எடுக்கிறான். கேபிள்காரர் ஒன்று சொல்கிறார், பையன் ஒன்று சொல்கிறான், டிவி விற்ற கடைக்காரர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்” என்றார். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். முடிப்பதற்குள் வாழைப்பூவை வேறொரு அம்மாள் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவு நீளமான பதில் அது. நின்றபடி சொல்லி முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டம் எந்தச் சேனலில் வருகிறது என்பதைவிட, வீட்டில் எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. கூடத்தில் வருகிறதா, போர்வைக்குள் வருகிறதா? இந்த வித்தியாசத்தை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தது 1974இல். இந்த ஊருக்கு டெலிவிஷன் வந்தது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். 1977 செப்டம்பரில் பெலே தம் காஸ்மாஸ் அணியோடு ஈடன் தோட்டத்துக்கு வந்து மோகன் பகானுடன் ஆடியபோது எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மெஸ்ஸில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, பாதி புரியாத வங்காளத்தில் வர்ணனை கேட்டோம். இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. அன்றைக்கு என் பக்கத்திலிருந்தவர் சந்தோஷத்தில் என் வேட்டியிலேயே டீயைக் கொட்டினார். கல்கத்தாவில் கால்பந்து என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த டீயில்தான்.

ஆனால் வெளிநாட்டு ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது என்றால் என்ன என்பதை 1986 சொல்லிக்கொடுத்தது. மெக்ஸிகோவில் நடுப்பகல் என்றால் நமக்கு இரவு பதினொன்றரை. அவர்களுக்கு மாலை நாலு மணி என்றால் நமக்கு விடிகாலை மூன்றரை. தூர்தர்ஷன் காட்டியது. வேறு யார் காட்டுவார்கள்? அதுதான் இருந்தது. ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய எங்கள் சந்தில் டெலிவிஷன் இருந்த வீடுகள் நாலோ ஐந்தோ. எங்கள் மாடியில் குடியிருந்த தாதா வீட்டில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. அந்நாளைய கல்கத்தாவில் லோட் ஷெடிங் எப்போது வரும் என்று காளிக்குத்தான் தெரியும். அதனால் தாதா, இறுதி ஆட்டத்தன்று யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு அம்பாஸிடர் கார் பாட்டரியை வாங்கி வந்து, கூடத்தின் நடுவில் பிள்ளையார் மாதிரி வைத்திருந்தார். அந்தச் சின்னப் பெட்டிகள் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும்.

ஜூன் 29 ராத்திரி. அந்தப் பத்தடிக் கூடத்தில் இருபது பேருக்குக் குறையாது. கிழவர்கள் நாற்காலியில், குழந்தைகள் தரையில், வாசற்படியில் பக்கத்துக் கடைப் பையன்கள். பௌதி பெரிய தாம்பாளத்தில் மூடி கலந்து வைத்தார். கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்ட பொரி. என் மனைவி ஒரு பாத்திரம் நிறைய காப்பி போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தாள். அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னால் இருந்தது. கடைசிக் கால்மணிக்குள் மேற்கு ஜெர்மனி இரண்டையும் திருப்பிப் போட்டது. அந்தச் சமயம் பார்த்துப் பாட்டரி தளர்ந்து படம் சுருங்க ஆரம்பித்தது. மரடோனா சுண்டைக்காய் அளவு தெரிந்தார். அந்தச் சுண்டைக்காய் தட்டிவிட்ட பந்தை புருசாகா கொண்டுபோய் 84ஆம் நிமிஷம் கோலில் போட்டபோது, ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாத என் மனைவி அழுதுவிட்டாள். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷமாகியும் பௌதியோடு அவள் வாய் திறந்து பேசியதில்லை. மொழி தெரியாத கூச்சம். அன்று விடிய விடியப் பேசினார்கள். எந்த மொழியில் என்று நான் கவனிக்கவில்லை.

பெலேயால் பிரேசிலைக் கொண்டாடிய ஊர் மரடோனாவால் பாதிக்குப் பாதி நீல வெள்ளைக் கட்சியானதும் அந்த ஒரு மாதத்தில்தான். ஊரில் இன்றும் அந்தப் பிரிவினை இருக்கிறது. தேர்தல் பிரிவினையைவிட உறுதியானது.

அப்புறம் என்ன ஆயிற்று? ஒரே இடத்தில் வந்தது பல இடங்களுக்குப் போயிற்று. அதற்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1993இல் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட்டை ஒளிபரப்பும் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தது. தூர்தர்ஷனும் அரசும் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: வான் அலைகள் பொதுச் சொத்து, அரசாங்கம் ஒன்றே அதற்கு ஏகபோக எஜமான் அல்ல என்று. கிரிக்கெட்டுக்காகத் திறந்த அந்தக் கதவு வழியாகக் கால்பந்தும் வெளியே போயிற்று. அதே காலத்தில் சந்துக்குச் சந்து கேபிள் வந்தது. எங்கள் கேபிள்காரர் மாதாமாதம் வந்து ஒரு நீள நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். எந்தச் சேனல் யாருடையது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தேவையில்லை. ஈஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் எல்லாம் அந்த ஒரே கட்டணத்தில் வந்தன. இங்கிலீஷ் லீக் ஆட்டங்களை நம் பிள்ளைகள் பார்க்கப் பழகியது அப்படித்தான். 2002இல் ஜப்பானிலும் கொரியாவிலும் உலகக் கோப்பை நடந்தபோது ஆட்டம் பகல் பன்னிரண்டுக்கும் இரண்டரைக்கும் ஐந்துக்கும் வந்தது. டென் ஸ்போர்ட்ஸ் என்று புதிதாக ஒரு சேனல் அதற்கென்றே வந்தது போலிருந்தது. அந்த ஜூனில் கல்கத்தா ஆபீஸ்களில் எவ்வளவு வேலை நடந்தது என்பதைப் பற்றி, ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

உரிமை என்பது ஏலப் பொருள். மூன்று வருஷத்துக்கோ நாலு வருஷத்துக்கோ ஏலம். எடுத்தவர் கையில் ஆட்டம். உலகக் கோப்பையையே பாருங்கள்: 2010இல் ஈஎஸ்பிஎன், 2014இலும் 2018இலும் சோனி, 2022இல் வயாகாம். ஸ்பெயின் நாட்டு லா லிகா இன்னும் வேடிக்கை. 2018 முதல் மூன்று சீசன்கள் நம் நாட்டில் அது ஃபேஸ்புக்கில் இலவசமாக வந்தது. 2021இல் எம்டிவி என்ற பாட்டுச் சேனலுக்குப் போயிற்று. பிறகு மறுபடி கைமாறியது. பாட்டு கேட்கலாம் என்று ரிமோட்டை அழுத்தின பெரியவர்கள் பார்சிலோனாவைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். ஆகவே மார்க்கெட்டில் அன்பர் கேட்ட கேள்விக்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னதில் ஆச்சரியமில்லை. மூன்றும் ஏதோ ஒரு வருஷத்தில் சரியான பதில்களாக இருந்திருக்கும்.

இப்போதைய நிலவரத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2025-26 சீசனிலிருந்து மூன்று வருஷத்துக்கு ஜியோஸ்டார் கம்பெனியிடம்; அதாவது ஸ்டார் ஸ்போர்ட்ஸ் சேனல்களும் ஜியோஹாட்ஸ்டார் ஆப்பும். ஐரோப்பியச் சங்கங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் 2024 முதல் 2027 வரை சோனியிடம். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு இடத்துக்குக் காசு. ஒன்று போதும் என்று நினைத்தால் எது போதும் என்று வீட்டில் கூடிப் பேசி முடிவெடுங்கள். நான் சொல்வேன், பிரீமியர் லீக் போதும். காரணம், நேரம். சாம்பியன்ஸ் லீக்கின் முக்கிய ஆட்டங்கள் அங்கே இரவு ஒன்பது மணிக்கு. நமக்குக் குளிர்காலத்தில் ராத்திரி ஒன்றரை, கோடைக் கணக்கில் பன்னிரண்டரை. அதுவும் செவ்வாய், புதன் என்று மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டமோ நமக்குக் குளிர்காலத்தில் எட்டரை, மற்ற மாதங்களில் ஏழரை. ராத்திரிச் சாப்பாட்டு நேரம். (மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னும் பின்னும் தள்ளிவைப்பார்கள். அதை மறந்துவிட்டு அரை ஆட்டத்தைத் தவறவிட்டவன் நான்.)

இதில் ஒரு ருசிகரமான செய்தி. அந்தச் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை இங்கிலாந்துக்காரன் தன் வீட்டு டெலிவிஷனில் பார்க்க முடியாது. சனிக்கிழமைகளில் இரண்டே முக்காலிலிருந்து ஐந்தேகால் வரை அங்கே நேரடிக் கால்பந்து ஒளிபரப்பு கிடையாது. 1960களில் பர்ன்லி சங்கத்தின் தலைவராக இருந்த பாப் லார்ட் என்பவர் வாதாடிக் கொண்டுவந்த ஏற்பாடு. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து பெரிய சங்கங்களின் ஆட்டத்தைப் பார்த்தால், ஊர் மைதானத்துச் சின்னச் சங்கத்தின் ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள் என்பது அவர் வாதம். மான்செஸ்டரில் இருப்பவர் தம் வீட்டில் பார்க்க முடியாததை லேக் மார்க்கெட்டில் அடை சாப்பிட்டுக்கொண்டு நான் பார்க்கிறேன்.

எந்த வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவது? கேபிளோ டிடிஎச்சோ இருந்தால், 2019 பிப்ரவரியிலிருந்து வந்திருக்கும் விதிப்படி உங்களுக்கு வேண்டிய சேனலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம். ‘முழு பேக்கேஜ் எடுத்தால்தான் உண்டு’ என்று யாராவது சொன்னால், தனிச் சேனலின் விலைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகிறது. ஜூன், ஜூலையில் அந்தச் சேனலை நிறுத்திவிடலாம். இதைப் பலர் செய்வதில்லை. வருஷம் பூராவும் கட்டிவிட்டு, டிவியில் ஒன்றும் வருவதில்லை என்று சலித்துக்கொள்வார்கள்.

ஆப் வழியாக என்றால் கவனம் தேவை. கைபேசிக்கு மட்டும் என்று ஒரு மலிவுத் திட்டம் இருக்கும்; டிவியிலும் பார்ப்பதற்கு அதைவிட அதிக விலை வைத்திருப்பார்கள். நம்மவர்கள் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்கள். மலிவானதை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறோம். கூடத்துக்கு ஒரு விலை, போர்வைக்குள் ஒரு விலை என்று அவன் பிரித்து வைத்திருக்கிறான்; நாமும் போர்வையை வாங்குகிறோம். மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாம் மாலையில் வாங்கித் தின்னும் சிங்காடாக் கணக்குக்குக்கூட வராது. இணைய வசதி இல்லாத பழைய டிவியாக இருந்தாலும், ஒரு சின்ன ஸ்டிக்கைச் செருகினாலோ, மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் இழுத்தாலோ படம் பெரிய திரையில் வந்துவிடும். எங்கள் வீட்டில் ஒயர்தான்.

ஒரு குறை உண்டு. இணையம் வழியாக வரும் ஆட்டம் கேபிளில் வருவதைவிடப் பின்தங்கி வரும். சில சமயம் அரை நிமிஷம்கூட. 2022 டிசம்பர் 18 அன்று, கத்தார் இறுதி ஆட்டத்தில், எங்கள் தெருமுனைப் பான் கடையில் கேபிள். என் வீட்டில் ஆப். பிரான்ஸ் கோல் போட்ட செய்தியைப் பான் கடையின் ஓலம் எனக்கு முன்னதாகவே சொல்லிவிட்டது. பெனால்டி உதைகளின்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். அந்த உலகக் கோப்பைக்கு ஜியோசினிமா காசு வாங்கவில்லை. வர்ணனை தமிழிலும் வங்காளத்திலும்கூட இருந்தது. என் மருமகள் வங்காளப் பெண். அவளுக்கு அது வேண்டும், என் மனைவிக்குத் தமிழ் வேண்டும், பேரனுக்கு இங்கிலீஷ். முதல் பாதி தமிழ், இரண்டாம் பாதி வங்காளம் என்று பஞ்சாயத்துச் செய்தேன். கூடுதல் நேரத்துக்கு என்ன மொழி என்று நான் யோசித்து வைக்கவில்லை.

இனி, சொல்வதாகச் சொன்ன கதை.

அந்த இறுதி ஆட்டம் முடிந்ததும் பேரன் கேட்டான்: “தாத்தா, இங்கிலீஷ் லீகும் போடலாமா?” அதற்குக் காசு கட்ட வேண்டும் என்று தெரிந்ததும் நான் மறுத்தேன். “பரீட்சை வருகிறது. உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒரு தரம், பார்த்தாயிற்று” என்றேன். உண்மைக் காரணம் அது இல்லை. சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பதரை வரை டிவி எங்கள் இருவருடையது, சீரியல், செய்தி. அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. பையன் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு வருஷம் அவன் கால்பந்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

ஒருநாள் காலை என் மனைவி கீரைக்காரியிடம் நாற்பது ரூபாய்க்குக் கைபேசியில் பணம் அனுப்பினாள். போகவில்லை. இன்னொரு தரம். போகவில்லை. வங்கியில் பணம் இல்லை என்று வந்தது. வீட்டுக்கு வந்து கணக்கை எடுத்துப் பார்த்தோம். நூறு, இருநூறு, நூற்றைம்பது என்று நாலு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் போயிருந்தது. எல்லாம் ராத்திரி பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவில். பாட்டியின் ரகசிய எண் அவனுக்குத் தெரியும். மின்சார பில் கட்டித் தருகிறவன் அவன்தானே.

நடந்தது இதுதான். வகுப்புப் பையன்களின் குழுவில் ஒரு சுட்டி வரும். அதைத் தொட்டால் எந்த ஆட்டமும் இலவசம். யாரோ காசு கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பைத் திருடி மறுபடி அனுப்புகிறான். வாரத்துக்கு ஒரு பெயர் மாறும். அவனுக்கு இதில் என்ன வருமானம் என்று நான் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். படத்தின்மேல் படமாகப் பந்தய விளம்பரம். மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறி. அதைத் தொட்டால் மூடுவதற்குப் பதில் இன்னொன்று திறக்கிறது. அடுத்த கோல் யார் போடுவார் என்று ஐம்பது ரூபாய் வை என்கிறது. முதலில் ஜெயிக்கவும் விடுகிறது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. நல்லதுதான். ஆனால் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாதவனுக்கு நம் சட்டம் ஒரு பொருட்டா? பதினாறு வயசுப் பையன், ராத்திரி ஒன்றரை மணி, பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லை. அவனுக்கு இதைவிடத் தோதான கிராக்கி வேறு யார்?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை. “நீங்க பாக்கறதில்லையே தாத்தா. உங்களோட பாக்கலாம்னுதான் அன்னிக்குக் கேட்டேன்” என்றான். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். 1986இல் தாதா வீட்டுக் கூடத்தில் உட்கார இடம் கொடுத்தார்களே, எங்களிடம் ஒரு பைசா வாங்காமல்! நான் சொந்தப் பேரனுக்கு என் கூடத்தில் வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கவில்லை. அதை யாரும் எனக்குச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையே டிவிக்கும் சேர்த்து ஒரு வருஷத்துக்குக் கட்டினேன். சனிக்கிழமை ஆட்டம் கூடத்தில். அன்றைக்குச் சீரியல் இல்லை என்று என் மனைவியே சொன்னாள். நாலாயிரத்தை அவன் திருப்பித் தர வேண்டும் என்றும் ஏற்பாடு. கீழ் வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து மாதம் முந்நூறு தருகிறான். பாட்டியின் ரகசிய எண்ணையும் மாற்றியாயிற்று. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும்.

இதைச் சங்கத்தில் சிலரிடம் சொன்னபோது வந்த ஆட்சேபணைகளையும் எழுத வேண்டும். ‘மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இருக்கும் ஊரில் லிவர்பூல் எதற்கு?’ என்றார் ஒருவர். அவர் கடைசியாக சால்ட் லேக் மைதானத்துக்குப் போன வருஷத்தைக் கேட்டேன், சொல்லவில்லை. என் பேரன் இரண்டையும் பார்க்கிறான். இறாலா, ஹில்சாவா என்ற சண்டையில் அவன் தாய்வழி ஹில்சாக் கட்சி, அதாவது ஈஸ்ட் பெங்கால். இன்னொருவர், ‘காசு கொடுத்துக் கெட்டுப்போவதா?’ என்றார். காசு கொடுக்காமல் எப்படிக் கெட்டுப்போவது என்பதை மேலே எழுதிவிட்டேன். மூன்றாமவர் சொன்னதுதான் நியாயம்: “நமக்குக் கட்டுப்படியாகிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் பையனும் மெஸ்ஸி சட்டைதான் போட்டிருக்கிறான். அவன் எங்கே பார்ப்பான்?”

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2007இல் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களைத் தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். விளம்பர வருவாயில் முக்கால் பங்குக்குக் குறையாமல் உரிமைதாரருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. உலகக் கோப்பைக் கால்பந்தின் தொடக்க ஆட்டம், கால் இறுதிகள், அரை இறுதிகள், இறுதி ஆட்டம் ஆகிய எட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் 2017இல் உச்ச நீதிமன்றம், அப்படிப் பகிரப்படும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் சொந்தக் கோபுரத்திலும் தன் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று சொல்லிவிட்டது. கேபிளில் வரும் தூர்தர்ஷனில் அந்த நேரத்துக்கு அது கிடைக்காது. ஆகையால் உங்கள் வீட்டில் கேபிள் இருந்தும் வராத இறுதி ஆட்டம், மொட்டை மாடியில் ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர் வீட்டில் வரும். டிஷ்ஷும் பெட்டியும் ஒரு தரம் வாங்குவதுதான், மாதக் கட்டணம் கிடையாது. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குத் தீபாவளிக்கோ பூஜைக்கோ புடவை எடுத்துக் கொடுக்கிறோம். ஒரு வருஷம் இதையும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எட்டு ஆட்டம் என்பது போதாது என்றும் எனக்கு ஒரு எண்ணம். 2026 உலகக் கோப்பைக்கு அணிகளை 32இலிருந்து 48ஆகவும், ஆட்டங்களை 64இலிருந்து 104ஆகவும் ஏற்றினார்கள். ஆட்டம் பெருகும்போது பொதுப் பங்கும் பெருக வேண்டாமா? சட்டத்தைத் திருத்தி, பகிர்ந்த ஆட்டங்கள் கேபிளிலும் வரச் செய்ய வேண்டும் என்று நம் தொகுதி எம்பிக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதலாம். வரைவை நான் எழுதித் தருகிறேன். செயற்குழுவில் வைக்க வேண்டியது செயலாளர் பொறுப்பு.

வாழைப்பூ வாங்க விடாத அன்பருக்கு: வரும் சனிக்கிழமை ஆட்டம் எட்டரைக்கு. பையனையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஒயரை எங்கே செருகுவது என்பதை என் பேரன் காட்டுவான். என் மனைவி அடைக்கு ஊறப்போடுகிறேன் என்றிருக்கிறாள். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.